ஹேலஜன் முதல் மந்த வாயு வரை: எது எதோடு வினைபுரியும் என்று மனப்பாடம் இல்லாமல் கணிப்பது எப்படி

"தொகுதியில் கீழே போகப் போக வினைத்திறன் கூடுமா, குறையுமா?" இந்தக் கேள்வியை ஒரு வகுப்பில் கேட்டால் பாதிப் பேர் கூடும் என்பார்கள், மீதிப் பேர் குறையும் என்பார்கள். இரண்டு தரப்பும் சரிதான், ஏனென்றால் கேள்விதான் அரைகுறை. எந்தத் தொகுதி, அதாவது தனிம அட்டவணையின் எந்த நெடுவரிசை? எதோடு வினை? தண்ணீரோடா, ஹைட்ரஜனோடா, வேறொரு உப்பின் கரைசலோடா? இதையெல்லாம் கேட்காமல் அட்டவணையின் ஓரத்தில் ஓர் அம்புக்குறியைப் போட்டு மனப்பாடம் செய்துகொண்டு போகிற பிள்ளைகள், கேள்வியை லேசாகத் திருப்பிக் கேட்டதுமே தடுமாறிப் போகிறார்கள். பிளஸ் ஒன், பிளஸ் டூ படிப்பவர்களுக்கும் நீட்டுக்குத் தயாராகிறவர்களுக்கும், வீட்டில் உட்கார்ந்து பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கிற அப்பா அம்மாவுக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

எந்தத் தனிமமாக இருந்தாலும் மூன்று கேள்வி கேளுங்கள். இந்த அணு எலக்ட்ரானை வாங்கப் போகிறதா, கொடுக்கப் போகிறதா? அந்த எலக்ட்ரான் வந்து சேரும் இடமோ விட்டுப் போகும் இடமோ உட்கருவிலிருந்து எவ்வளவு தூரம், நடுவில் எத்தனை கூடுகள் மறைத்துக்கொண்டு நிற்கின்றன? மூன்றாவதாக, வினை தொடங்குவதற்கு முன்னால் எதை உடைக்க வேண்டும், முடிந்த பிறகு கையில் என்ன மிஞ்சுகிறது?

முதல் இரண்டும் எல்லாப் புத்தகத்திலும் இருக்கின்றன. மூன்றாவதைத்தான் யாரும் கேட்பதில்லை. 'விதிவிலக்கு' என்று தனியாகக் கட்டம் போட்டு மனப்பாடம் செய்யச் சொல்கிற விஷயங்களில் முக்கால்வாசி இந்த மூன்றாவது கேள்வியைக் கேட்டாலே தானாக அவிழ்ந்துவிடும்.

ஹேலஜனிலிருந்து தொடங்கலாம்

ஃபுளூரின், குளோரின், புரோமின், அயோடின். நான்கிலும் வெளிக்கூட்டில் ஏழு எலக்ட்ரான்கள், இன்னும் ஒன்று கிடைத்தால் எட்டு நிறைந்துவிடும். ஆக இவை வாங்குகிற கூட்டம். வரும் எலக்ட்ரான் ஃபுளூரினில் இரண்டாவது கூட்டில் உட்காருகிறது, அயோடினிலோ ஐந்தாவதில். தூரம் கூடக் கூட உட்கருவின் பிடி தளர்கிறது, அதனால் கீழே போகப் போக வாங்கும் வேகமும் குறைகிறது.

இதை ஹைட்ரஜனோடு வைத்துப் பார்த்தால் பளிச்சென்று தெரியும். ஃபுளூரினும் ஹைட்ரஜனும் இருட்டில்கூட, நன்றாகக் குளிர்ந்த நிலையிலும் வெடிக்கும். குளோரினுக்குச் சூரிய ஒளி வேண்டும், இருட்டில் சும்மா கலந்து கிடக்கும். புரோமினைச் சூடாக்க வேண்டும். அயோடினைச் சூடாக்கினாலும் வினை முழுதாக முடிவதில்லை, உண்டாகிற ஹைட்ரஜன் அயோடைடு பாதி வழியில் மறுபடி பிரிந்துகொண்டே இருக்கும், இரு திசையிலும் நடக்கிற சமநிலை அது.

இப்போது ஒரு சிக்கலான இடம். எலக்ட்ரானை வாங்கும்போது வெளியாகும் ஆற்றலைப் பாடப்புத்தகத்தில் பாருங்கள்: ஒரு மோலுக்கு ஃபுளூரின் 333 கிலோஜூல், குளோரின் 349, புரோமின் 325, அயோடின் 296. முதலிடத்தில் இருப்பது குளோரின்! ஃபுளூரின் அணு மிகச் சிறியது, அதன் குறுகலான இரண்டாவது கூட்டில் ஏற்கெனவே ஏழு எலக்ட்ரான்கள் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கின்றன, புதிதாக வருகிற ஒன்றை அவை தள்ளுகின்றன. அப்படியானால் குளோரின்தானே வலுவான ஆக்சிஜனேற்றியாக, அதாவது எலக்ட்ரானைப் பறிப்பதாக, இருக்க வேண்டும்? தேர்வில் இதைக் கூற்று, காரணம் வடிவத்தில் அடிக்கடி கேட்பார்கள், நிறையப் பேர் இங்கேதான் மதிப்பெண்ணை விடுகிறார்கள்.

மூன்றாவது கேள்விக்கு வாருங்கள். ஃபுளூரின் தனி அணுவாகத் திரிவதில்லை, இரண்டு அணுக்கள் கைகோத்த மூலக்கூறாக இருக்கிறது, முதலில் அந்தப் பிணைப்பை உடைக்க வேண்டும். அதற்கு ஆகும் செலவு 159 கிலோஜூல்தான். குளோரினுக்கு 243. ஃபுளூரின் அணுக்கள் மிக அருகருகே இருப்பதால் இரண்டிலும் உள்ள, பிணைப்பில் சேராத தனி இணை எலக்ட்ரான்கள் ஒன்றையொன்று தள்ளிப் பிணைப்பைத் தளர்த்திவிடுகின்றன. வினை முடிந்த பிறகு கிடைக்கும் ஃபுளூரைடு அயனியும் சிறியது, தண்ணீர் மூலக்கூறுகள் அதை இறுக்கிப் பிடிக்கும்போது வெளியாகும் நீரேற்ற ஆற்றல் 515 கிலோஜூல், குளோரைடுக்கு 381.

கணக்குப் போட்டுப் பாருங்கள், ஒரு நிமிடம்கூட ஆகாது. ஃபுளூரின்: பாதிப் பிணைப்புக்குச் செலவு 79, வரவு 333, அப்புறம் 515. நிகர வரவு ஏறக்குறைய 769. குளோரின்: செலவு 121, வரவு 349, 381. நிகரம் ஏறக்குறைய 609. எலக்ட்ரானை வாங்குவதில் பிந்திய 16 கிலோஜூலை ஃபுளூரின் முன்னும் பின்னும் சேர்த்துப் பத்து மடங்காக மீட்டுவிடுகிறது. எலக்ட்ரானை வாங்கும் நாட்டத்தை அளக்கும் திட்ட ஒடுக்க மின்னழுத்தமும் இதையேதான் சொல்கிறது: ஃபுளூரின் 2.87 வோல்ட், குளோரின் 1.36, புரோமின் 1.09, அயோடின் 0.54. இந்த நான்கு எண்களை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பக்கம் பக்கமாகப் படித்த வினைகள் இவற்றுக்குள் அடங்கிவிடும்.

இவ்வளவு பிடிவாதமாக எலக்ட்ரானைப் பிடித்துக்கொண்டிருக்கும் ஃபுளூரைடிலிருந்து ஃபுளூரினைப் பிரித்தெடுக்க வேதியியலாளர்கள் பல பத்தாண்டுகள் போராடினார்கள், சிலர் அதில் உயிரையும் விட்டார்கள். அதைப் பறிக்க வேறு ஆக்சிஜனேற்றி இல்லாததால் கடைசியில் மின்சாரத்தைத்தான் நாட வேண்டியிருந்தது. 1886இல் பாரிசில் ஆன்ரி முவாசான் நீரற்ற ஹைட்ரஜன் ஃபுளூரைடில் பொட்டாசியம் உப்பைக் கரைத்து மின்னாற்பகுத்து அந்த வாயுவைப் பிடித்தார், 1906இல் நோபல் பரிசும் பெற்றார். மின்சாரமே இல்லாமல் வேதிவினையால் மட்டும் ஃபுளூரினை எடுக்கிற வழியைக் கார்ல் கிறிஸ்டே காட்டியது அதற்குச் சரியாக நூறு ஆண்டு கழித்து, 1986இல்.

இடப்பெயர்ச்சி வினையைக் கண்ணால் பாருங்கள்

விதி எளிது: மேலே உள்ள ஹேலஜன், கீழே உள்ளதன் உப்பிலிருந்து அதை வெளியேற்றும். குளோரின் புரோமைடிலிருந்தும் அயோடைடிலிருந்தும் வெளியேற்றும், புரோமின் அயோடைடிலிருந்து மட்டும், அயோடின் குளோரைடையும் புரோமைடையும் ஒன்றும் செய்யாது. பள்ளி ஆய்வகத்தில் ஆசிரியரோடு செய்யும்போது எதைக் கவனிக்க வேண்டும் என்று சொல்கிறேன்.

சோதனைக் குழாயில் பொட்டாசியம் அயோடைடு கரைசல் கொஞ்சம், ஒரு மில்லி குளோரோஃபார்ம், அப்புறம் குளோரின் நீர் சொட்டுச் சொட்டாக. குளோரோஃபார்ம் தண்ணீரைவிட அடர்த்தி அதிகம், அடியில் தனி அடுக்காக நிற்கும். குளோரின் நீர் விழுந்த இடத்தில் மேல் அடுக்கு முதலில் மஞ்சளாகிப் பழுப்புக்குப் போகும். குழாயை மூடிக் குலுக்கி ஸ்டாண்டில் வையுங்கள், கலங்கல் தெளிந்ததும் அடியில் அருமையான ஊதா நிறம் இறங்கியிருக்கும். ஒரே அயோடின் மேலே பழுப்பு, கீழே ஊதா. தண்ணீரில் அது மீதமுள்ள அயோடைடு அயனியோடு சேர்ந்து நிற்கிறது, குளோரோஃபார்மில் தனி மூலக்கூறாக இருக்கிறது, அயோடின் ஆவியின் நிறமும் இதே ஊதாதான். புரோமைடு எடுத்தால் அடி அடுக்கு ஆரஞ்சாகும். பிளஸ் டூ செய்முறையில் லேயர் டெஸ்ட் என்று சொல்வது இதைத்தான்.

நிறம் வரவில்லை என்றால் உப்பின் மேல் பழியைப் போடாதீர்கள், முதலில் குளோரின் நீரைச் சந்தேகப்படுங்கள். வெளிச்சம் பட்டால் அது மெல்லச் சிதைந்து வெறும் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலமாகிவிடும். லேசான பச்சை கலந்த மஞ்சளும் நீச்சல் குளத்து நெடியும் இல்லாத குளோரின் நீர் பயன்படாது, புதிதாகத் தயாரித்ததைக் கேட்டு வாங்குங்கள்.

ஃபுளூரின்தான் எல்லாவற்றையும்விட வலுவானது, அப்படியானால் ஃபுளூரினைச் சோடியம் குளோரைடு கரைசலில் விட்டால் குளோரின் வருமா? தாளில் வரும். நிஜத்தில் கரைசலில் பெரும்பங்கு தண்ணீர், ஃபுளூரின் முதலில் தண்ணீரையே பிடித்து ஆக்சிஜனை வெளியேற்றும். தண்ணீரிலிருந்து ஆக்சிஜனை எடுக்க 1.23 வோல்ட் போதும், இவரிடம் 2.87 இருக்கிறது. அதனால்தான் இடப்பெயர்ச்சி அட்டவணைகளில் ஃபுளூரினை விட்டுவிடுகிறார்கள்.

கடலிலிருந்து புரோமின் எடுப்பதும் இதே வினைதான். கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 65 மில்லிகிராம் புரோமைடு இருக்கிறது, உப்பு எடுத்த பிறகு மிஞ்சும் கசப்பு நீரில் அது இன்னும் செறிவாக இருக்கும். அதில் குளோரினைச் செலுத்தினால் புரோமின் விடுபடும், காற்றை ஊதி ஆவியாக வெளியே கொண்டு வருவார்கள். குஜராத்தின் கச்சுப் பகுதியில் இப்படித்தான் நடக்கிறது.

ஹேலஜனா, ஹேலைடா?

இந்த ஒரு வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால் பாதிக் குழப்பம் போய்விடும். குளோரின் என்பது வாங்கத் துடிக்கும் மூலக்கூறு, குளோரைடு என்பது வாங்கி முடித்துவிட்ட அயனி. வாங்குவதில் வலுவானது திருப்பிக் கொடுக்காது, வாங்குவதில் சோம்பலானது எளிதில் விட்டுவிடும். ஆக ஆக்சிஜனேற்றிகளின் வரிசையைத் தலைகீழாகத் திருப்பினால் ஒடுக்கிகளின், அதாவது எலக்ட்ரானைக் கொடுப்பவற்றின், வரிசை: அயோடைடு முதலிடம், ஃபுளூரைடு கடைசி.

அடர் கந்தக அமிலத்தை ஊற்றுகிற சோதனையில் இது அப்படியே தெரியும். சோடியம் குளோரைடில் ஊற்றினால் ஹைட்ரஜன் குளோரைடு வாயு மட்டும் வரும், குளோரைடு தன் எலக்ட்ரானை விடாது. புரோமைடில் ஊற்றினால் பழுப்புப் புகை, கொஞ்சம் புரோமைடு எலக்ட்ரானைக் கொடுத்து புரோமினாகி, கந்தக அமிலம் கந்தக டைஆக்சைடாக இறங்கியிருக்கும். அயோடைடில் ஊற்றினால் ஊதா ஆவி, குழாய் ஓரத்தில் மஞ்சள் கந்தகம், அழுகிய முட்டை நாற்றமடிக்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடு. கந்தகத்தின் ஆக்சிஜனேற்ற எண்ணை ஆறிலிருந்து இரண்டு குறை வரைக்கும் இழுத்துக்கொண்டு போகிற அளவுக்கு அயோடைடு கொடுக்கிறது. ஹைட்ரஜன் அயோடைடைத் தயாரிக்க ஏன் கந்தக அமிலத்தைத் தவிர்த்துப் பாஸ்பாரிக் அமிலத்தை எடுக்கிறோம் என்ற கேள்விக்கும் இதுவே பதில்.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது இரும்பு. இரும்பைக் குளோரினில் சூடாக்கினால் மூன்று குளோரின் சேர்ந்த ஃபெரிக் குளோரைடு கிடைக்கும், மிகுதியான புரோமினோடும் அதேபோல ஃபெரிக் புரோமைடுதான். அயோடினோடு மட்டும் ஃபெரஸ் அயோடைடு, அதாவது இரண்டோடு நின்றுவிடும். தனி வரியாக மனப்பாடம் செய்ய வேண்டாம், அந்த நான்கு எண்களுக்கு நடுவில் இரும்பை உட்கார வைத்துப் பாருங்கள். ஃபெரிக் அயனி ஒரு எலக்ட்ரானை வாங்கி ஃபெரஸாவதற்கான மின்னழுத்தம் 0.77. அயோடினின் 0.54க்கு மேலே, புரோமினின் 1.09க்குக் கீழே. ஃபெரிக் அயனியும் அயோடைடும் ஒரே கரைசலில் சந்தித்தால் ஃபெரிக் அயனியே அயோடைடின் எலக்ட்ரானைப் பறித்துக்கொள்ளும், அப்புறம் ஃபெரிக் அயோடைடு எங்கிருந்து வரும்? இதே இரும்பை ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் போட்டால் ஏன் ஃபெரஸ் குளோரைடு வருகிறது என்பதையும் கேட்டுப் பாருங்கள். அங்கே எலக்ட்ரானை வாங்குவது குளோரின் இல்லை, ஹைட்ரஜன் அயனி. அதன் மின்னழுத்தம் பூஜ்யம், ஃபெரஸை ஃபெரிக்காக ஏற்றுகிற சக்தி அதற்குக் கிடையாது. பெயரில் குளோரோ இருக்கிறதே என்று ஏமாந்துவிடாமல் யார் வாங்குகிறார் என்று பாருங்கள்.

வீட்டிலேயே செய்யக்கூடிய ஒன்று உண்டு. ஆறிய சோற்றுக்கஞ்சித் தண்ணீரை நன்றாக நீர்க்கவிட்டு, மருந்துக்கடையில் கிடைக்கும் பெட்டாடின் ஒரு சொட்டு விடுங்கள், கருநீலமாகிவிடும், அது ஸ்டார்ச்சோடு சேர்ந்த அயோடின். அதில் எலுமிச்சைச் சாற்றைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் கலக்கினால் நீலம் கரைந்து காணாமல் போகும், எலுமிச்சையில் உள்ள வைட்டமின் சி எலக்ட்ரானைக் கொடுத்து அயோடினை நிறமற்ற அயோடைடாக்கிவிட்டது. இப்போது மருந்துக்கடை ஹைட்ரஜன் பெராக்சைடு சிறிது ஊற்றிக் காத்திருங்கள். மீதியிருக்கும் வைட்டமின் சி தீர்ந்ததும் நீலம் திரும்பி வரும். கஞ்சி சூடாக இருந்தால் நீலம் நிற்காது, அதனால் ஆறவைப்பது முக்கியம். வாங்கவும் தயக்கமில்லை, கொடுக்கவும் தயக்கமில்லை என்கிற அயோடினின் குணத்தை இதைவிட நன்றாகக் காட்டும் சோதனை எனக்குத் தெரியாது. காயத்தில் தடவும் மருந்தாக அயோடினை வைத்துக்கொள்ள முடிவதும், குளோரினைத் தண்ணீரில் ஏகமாக நீர்க்கவிட்டே தொட வேண்டியிருப்பதும் இந்த வேறுபாட்டால்தான்.

வீடு என்று பேச்சு வந்ததால் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். பிளீச்சிங் பவுடரையோ பிளீச் திரவத்தையோ கழிவறை ஆசிட்டோடு ஒருபோதும் கலக்காதீர்கள். பிளீச்சில் இருக்கும் குளோரின் எலக்ட்ரான் பற்றாக்குறையில் இருக்கிறது, ஆசிட்டில் உள்ள குளோரைடிடம் எலக்ட்ரான் உபரி, இரண்டும் சந்தித்தால் நடுவில் குளோரின் வாயுவாக வந்து நிற்கும். மூடிய குளியலறையில் அது நுரையீரலை எரித்துவிடும். ஒன்றை ஊற்றிக் கழுவிய பிறகு 'இன்னும் சுத்தமாகட்டும்' என்று மற்றதை உடனே ஊற்றுவதும் கலப்பதுதான். அம்மோனியா கலந்த துப்புரவுத் திரவங்களோடும் பிளீச் சேரக்கூடாது, அங்கே வருவது குளோரமீன் என்ற வேறொரு நச்சு வாயு. கண் எரிந்து இருமல் வந்தால் சுத்தம் செய்துகொண்டு நிற்காமல் உடனே வெளியே வந்துவிடுங்கள்.

முதல் தொகுதி: அம்பு ஏன் திரும்புகிறது

லித்தியம், சோடியம், பொட்டாசியம், ருபீடியம், சீசியம். இவை கொடுக்கிற கூட்டம். வெளிக்கூட்டில் ஒரே ஒரு எலக்ட்ரான், தூரம் கூடினால் அதைப் பிரிப்பது எளிது. அப்படிப் பிரிக்க ஆகும் அயனியாக்கும் ஆற்றல் மோலுக்குக் கிலோஜூலில் 520, 496, 419, 403, 376 என்று இறங்குகிறது. அதே தூரம், அதே கூடுகள், ஆனால் வாங்குகிறவருக்கு அது இடைஞ்சல், கொடுக்கிறவருக்கு வசதி. அம்பு இரண்டு தொகுதிகளில் எதிரெதிராகப் போவதற்குக் காரணம் அவ்வளவுதான்.

சரி, ஆனால் மின்னழுத்தப் பட்டியலில் லித்தியம் 3.04 குறை என்று எல்லாருக்கும் முன்னால் நிற்கிறதே, தண்ணீரில் போட்டால் மட்டும் ஏன் மெதுவாக நுரைத்துக்கொண்டு கிடக்கிறது? ஒன்று எவ்வளவு ஆற்றல் வெளியாகும் என்பதைப் பற்றியது, இன்னொன்று எவ்வளவு வேகத்தில் நடக்கும் என்பதைப் பற்றியது. லித்தியம் அயனி மிகச் சிறியது, தண்ணீர் அதை இறுக்கிப் பிடிப்பதால் 506 கிலோஜூல் திரும்பி வருகிறது, சோடியத்துக்கு 406தான். அதனால் மொத்த வரவு அதிகம். ஆனால் வேகம் என்று வந்தால் உருகுநிலையைப் பாருங்கள். சோடியம் 98 டிகிரியில் உருகும், வினையின் வெப்பத்திலேயே பளபளக்கும் உருண்டையாகித் தண்ணீர்மேல் ஓடும், புதுப்புதுப் பரப்பு தண்ணீரைத் தொட்டுக்கொண்டே இருக்கும். பொட்டாசியம் 63இலேயே உருகி இளஞ்சிவப்பு கலந்த ஊதாச் சுடரோடு எரியும். லித்தியம் உருக 180 டிகிரி வேண்டும், அதனால் கட்டியாகவே கிடந்து மெல்லக் கரைகிறது.

சோடியம் தண்ணீரில் வெடிப்பதற்கு ஹைட்ரஜன் தீப்பிடிப்பதே காரணம் என்றுதான் நெடுங்காலம் சொல்லிவந்தோம். ஆனால் உலோகத்தைச் சுற்றி நீராவியும் ஹைட்ரஜனும் உறைபோல மூடிக்கொண்டால் தண்ணீர் தொட முடியாமல் வினை அடங்க அல்லவா வேண்டும்? 2015இல் பிராகா நகரில் பாவெல் யுங்விர்த்தின் குழு சோடியம், பொட்டாசியம் கலந்த திரவ உலோகச் சொட்டை அதிவேகக் கேமராவில் படம்பிடித்தது. தண்ணீரைத் தொட்ட ஆயிரத்தில் ஒரு நொடிக்குள்ளேயே சொட்டிலிருந்து முள் முள்ளாக உலோகம் பாய்கிறது. எலக்ட்ரான்கள் அவ்வளவு வேகமாகத் தண்ணீருக்குள் ஓடிவிடுவதால் பின்னால் மிஞ்சும் நேர்மின் அயனிகள் ஒன்றையொன்று தள்ளிச் சொட்டையே பிய்த்துவிடுகின்றன. வெடிப்புக்கு முதல் காரணம் இந்தத் தள்ளல். யாரும் வீட்டில் முயன்று பார்க்கிற விஷயம் இல்லை, பள்ளியிலும் கடுகளவு துண்டுக்கு மேல் போடக்கூடாது.

சீசியத்துக்குக் கீழே ஃபிரான்சியம் இருக்கிறதே, அது இன்னும் பயங்கரமாக இருக்குமா என்று கேட்பார்கள். அதன் அயனியாக்கும் ஆற்றல் 393, சீசியத்தைவிடக் கொஞ்சம் அதிகம். அவ்வளவு கனமான உட்கருவைச் சுற்றும் எலக்ட்ரான்களின் வேகம் ஒளியின் வேகத்தோடு ஒப்பிடும் அளவுக்குப் போய்விடுவதால் வெளி எலக்ட்ரான் சற்று உள்ளே இழுபடுகிறது. தவிர, அதன் நீடித்த ஐசோடோப்பின் அரை ஆயுளே 22 நிமிடம்தான், தண்ணீரில் போட்டுப் பார்க்கும் அளவுக்குச் சேர்த்துவைக்க முடியாது.

காரமண் உலோகங்களும் 'எது மிஞ்சுகிறது' என்ற கேள்வியும்

இரண்டாவது தொகுதியும் கொடுக்கிற கூட்டம், ஆனால் இரண்டு எலக்ட்ரான் கொடுக்க வேண்டும், அதனால் பக்கத்துத் தொகுதியைவிட நிதானம். மெக்னீசியம் குளிர்ந்த நீரில் ஏறக்குறைய ஒன்றும் செய்யாது, நீராவியில் எரியும். கால்சியம் குளிர்ந்த நீரிலேயே நுரைத்து நீரைச் சுண்ணாம்பாக்கும். பேரியம் அதைவிட வேகம்.

இங்கே ஒரு கேள்வி வரும்: பேரியத்தை நீர்த்த கந்தக அமிலத்தில் போட்டால்? அமிலம், அதுவும் பேரியம், பயங்கரமாக நடக்கும் என்று எழுதத் தோன்றும். தொடங்கியதும் உலோகத்தின் மேல் கரையாத பேரியம் சல்ஃபேட் படிந்து வினை அடங்கிவிடும். பளிங்குக்கல்லில் கரியமில வாயு தயாரிக்க ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை எடுத்து, கந்தக அமிலத்தை ஒதுக்குவதும் இதே காரணத்தால்தான், அங்கே மேலே படிவது கால்சியம் சல்ஃபேட். அலுமினியப் பாத்திரம் மழையிலும் வெயிலிலும் அப்படியே கிடப்பது அதன் மேல் இருக்கும் மெல்லிய ஆக்சைடு படலத்தால். காஸ்டிக் சோடா கரைசல் பட்டுப் படலம் கரைந்துவிட்டால் அதே அலுமினியம் பொங்கிக்கொண்டு ஹைட்ரஜனை வெளிவிடும்.

பதினைந்தாவது தொகுதியில் மூன்றாவது கேள்வியின் 'எதை உடைக்க வேண்டும்' என்ற பாதி வேலை செய்கிறது. எலக்ட்ரான் கவர்தன்மையில் நைட்ரஜன் குளோரினுக்குச் சமமாக நிற்கிறது, ஆனாலும் நாம் மூச்சுவிடும் காற்றில் ஐந்தில் நாலு பங்காக ஒன்றும் செய்யாமல் இருக்கிறது. அதன் முப்பிணைப்பை உடைக்க 941 கிலோஜூல் வேண்டும், அந்த முன்பணத்தைப் புரட்ட முடியாமல்தான் வினை நடப்பதில்லை. அதற்கு அடியில் இருக்கும் வெண்பாஸ்பரஸில் நான்கு அணுக்கள் 60 டிகிரிக் கோணத்தில் வளைந்து நெளிந்து கட்டுண்டு கிடக்கின்றன, எப்போது அவிழலாம் என்று காத்திருக்கிற பிணைப்புகள், நம் ஊர் வெயில் சூட்டில் காற்றுப் பட்டாலே பற்றிக்கொள்ளும். அதனால் அதைத் தண்ணீருக்குள் வைக்கிறோம். சோடியத்தை மண்ணெண்ணெயில் வைக்கிறோம். இரண்டையும் மாற்றி எழுதுகிற பிள்ளைகள் நிறைய, எது எதோடு வினைபுரியும் என்று ஒரு கணம் யோசித்தால் மாறாது. லித்தியம் மண்ணெண்ணெயிலும் மிதக்கும் அளவுக்கு லேசு, அதனால் அதற்கு மெழுகுப் பூச்சு.

மந்த வாயுக்கள் எதோடும் சேராது என்று 1962 வரை எல்லாரும் நம்பினார்கள். கனடாவில் நீல் பார்ட்லெட் பிளாட்டினம் ஹெக்சாஃபுளூரைடு ஆக்சிஜன் மூலக்கூறிலிருந்தே எலக்ட்ரானைப் பறித்துவிட்டதைக் கண்டார். ஆக்சிஜன் மூலக்கூறிலிருந்து ஒரு எலக்ட்ரானை எடுக்க 1175 கிலோஜூல் வேண்டும். பட்டியலைப் புரட்டிப் பார்த்தால் செனானுக்கு 1170. அதைவிடக் கடினமானதையே பறிக்க முடிந்தால் இதை ஏன் பறிக்க முடியாது என்று இரண்டையும் கலந்தார், மஞ்சள் கலந்த ஆரஞ்சு நிறத்தில் திடப்பொருள் படிந்தது. நாம் இவ்வளவு நேரம் செய்துகொண்டிருக்கிற அதே ஒப்பீடுதான், பெயரைப் பார்க்காமல் எண்ணைப் பார்த்தார். அதே ஆண்டில் செனானையும் ஃபுளூரினையும் நேரடியாகச் சூடாக்கிச் செனான் டெட்ராஃபுளூரைடும் தயாரித்துவிட்டார்கள். உடைக்க எளிதான ஃபுளூரின் பிணைப்பு, தொலைவில் இருக்கும் செனானின் வெளி எலக்ட்ரான்கள், இரண்டும் சேர்ந்ததால் நடந்தது. ஆர்கானுக்கு 1520 கிலோஜூல் வேண்டும், அதனால் அங்கே இந்த வித்தை பலிப்பதில்லை.

தாளில் எப்படி எழுதுவது

கேள்வியைப் படித்ததும் எலக்ட்ரானைக் கொடுப்பவருக்கு அடியிலும் வாங்குபவருக்கு மேலேயும் பென்சிலால் ஒரு குறி போடுங்கள். ஒரே தொகுதியென்றால் தூரத்தைப் பார்த்து வரிசைப்படுத்துங்கள். வெவ்வேறு தொகுதியென்றால் மின்னழுத்தத்தை ஒப்பிடுங்கள். அப்புறம் விடையை எழுதும் முன் பிணைப்பும் படிவும் ஏதாவது தடை போடுகின்றனவா என்று ஒரு பார்வை. ஹைட்ரோஃபுளூரிக் அமிலம் ஏன் வலுக்குறைந்த அமிலம் என்று கேட்டால், ஃபுளூரின் வினைத்திறன் மிக்கதாயிற்றே என்று குழம்ப வேண்டாம். இங்கே உடைய வேண்டியது ஹைட்ரஜனுக்கும் ஃபுளூரினுக்கும் நடுவில் உள்ள பிணைப்பு, நான்கு ஹைட்ரஜன் ஹேலைடுகளிலும் அதுதான் மிக வலுவானது. ஆனால் வலுக்குறைந்த அமிலம் என்றால் ஆபத்தில்லை என்று பொருளில்லை, கண்ணாடியை அரிக்கும், தோலுக்குள் இறங்கி எலும்பில் உள்ள கால்சியம்வரை போகும்.

ஒரு கணக்கை முழுதாகப் போட்டுவிடலாம். கரைசலில் புரோமைடும் அயோடைடும் இரண்டும் இருக்கின்றன, அடியில் குளோரோஃபார்ம், மேலிருந்து குளோரின் நீரை விடுகிறீர்கள். எது முதலில் வரும்? கொடுப்பதில் முந்துவது அயோடைடு, ஆக முதலில் ஊதா. அயோடைடு தீர்ந்ததும் புரோமைடு கொடுக்கத் தொடங்கும், ஊதாவோடு ஆரஞ்சு கலந்து தெளிவில்லாமல் தெரியவேண்டும் என்றுதான் எதிர்பார்ப்போம். ஆனால் குளோரின் நீரை இன்னும் விட்டால் ஊதாவே மறைந்துபோய்ச் சுத்தமான ஆரஞ்சு மட்டும் நிற்கும். வெளியே வந்த அயோடினையும் குளோரின் விட்டுவைக்கவில்லை, அதனிடமிருந்து மேலும் எலக்ட்ரான்களைப் பறித்து நிறமற்ற அயோடிக் அமிலமாக்கிவிட்டது. ஐந்தாவது கூட்டில் இருக்கும் எலக்ட்ரான்களைப் பறிப்பது அதற்குப் பெரிய வேலை இல்லை. ஆகவே இந்தச் சோதனையில் குளோரின் நீரை ஒரேயடியாக ஊற்றினால் ஊதாவைப் பார்க்காமலேயே தாண்டிப்போய் 'அயோடைடு இல்லை' என்று எழுதிவிடுவீர்கள். ஒரு சொட்டு, ஒரு குலுக்கல், அடுக்கு தெளியும்வரை பொறுத்து, நிறத்தைக் குறித்துக்கொண்டு, அப்புறம் அடுத்த சொட்டு.